அடுத்த வீட்ல ஓடுதா?

எங்கள் அலுவலகத்தில் ஒரு கணினிக்கு ‘அடுத்த வீடு’ என்று பெயர். பெயர் வைத்தவர் எங்களோடு வேலை செய்த அக்கா.

ரெட்டியார்பாளையம் மெயின் ரோட்டில் பெயின்ட் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த அலுவலகம். மொத்தம் ஏழு கணினிகள். ஆறில் நாங்கள் வேலை செய்வோம். ஏழாவது, தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில், பின்பக்கம் பானை மாதிரி புடைத்த பழைய திரையோடு தனியாக உட்கார்ந்திருக்கும். அதில் பாட்டு கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, நாங்கள் புரோகிராம் எழுதப் பயன்படுத்தும் எதுவும் கிடையாது. விண்டோஸ் உண்டு, ஜாவா உண்டு, அவ்வளவுதான். யாராவது ஆசைப்பட்டு அதில் ஒரு பாட்டை ஏற்றினால்கூட அக்கா கண்டுபிடித்து அழித்துவிடுவார்.

“நாம செய்யறது போய்ச் சேர்ற எடத்துல இன்னா இருக்கும்னு நமக்குத் தெரியாது. ஒண்ணும் இருக்காதுன்னு வெச்சுக்க. இதுல ஓடுனா எங்கயும் ஓடும்” என்பார்.

அவரை இப்போது நினைத்துக்கொள்ளக் காரணம் போன செவ்வாய்க்கிழமை. அன்று பகல் பன்னிரண்டரை மணிக்கு என் மகள் யாழினி ஹைதராபாத்திலிருந்து அழுதுகொண்டே போன் செய்தாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதப் பயிற்சி முடிகிற நாள் அது. ஒவ்வொருவரும் தானே எழுதிய ஒரு புரோகிராமை ஒப்படைக்க வேண்டும். தேறாதவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

“அம்மா, என் லேப்டாப்ல நல்லா ஓடுதும்மா. அவங்க மிஷின்ல ஓடலை. அந்த மிஷினைத் தொடவே விட மாட்றாங்க. நாலு மணிக்குள்ள ஒரே ஒரு தடவை திருப்பிக் குடுக்கலாமாம். அதுவும் ஓடலைன்னா…”

அதோடு போன் அறுந்துவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப். நான் மூலக்குளத்தில் எங்கள் சமையலறையில் ஒரு கையில் கத்தரிக்காயும் இன்னொரு கையில் போனுமாக நின்றேன். ஒரு வாரம் ஆகிறது. இன்னமும் போன் அடித்தால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு ஓடுகிறேன். அன்று அடுத்த இரண்டரை மணி நேரமும் எனக்குத் துணையாக இருந்தவர், பதினேழு பதினெட்டு வருடமாக நான் பார்த்தே இராத அக்காதான்.

அக்கா பிள்ளைச்சாவடிக்காரர். தினமும் கடற்கரை ரோட்டு பஸ்ஸில் ஏறி, ஊருக்குள் வந்து, இன்னொரு பஸ் மாறி வருவார். என்னைவிட மூன்று வயது மூத்தவர். தோளில் எப்போதும் ஒரு கறுப்பு ரெக்சின் பை. அதில் ஊசி நூல், ஸ்பூன், டார்ச், பிளாஸ்திரி, ஸ்க்ரூ டிரைவர், வெற்றுத் தாள், இரண்டு பேனா, மடக்குக் குடை எல்லாம் இருக்கும். ஒருநாள் எங்கள் முதலாளி சட்டைப் பட்டன் அறுந்து நின்றபோது, அதே நிறத்தில் பட்டன் எடுத்து நீட்டினார் அக்கா. முதலாளியை நாங்கள் சார் என்று கூப்பிடுவோம். அவர் பட்டனைப் பார்த்தார், பையைப் பார்த்தார்.

“ஏம்மா, உள்ள டெய்லரும் இருக்காரா?”

“இல்ல சார். அவரு லீவு.”

அக்காவின் அப்பா கடலுக்குப் போகிறவர். பை நிறைய எதற்கு இவ்வளவு என்று நான் கேட்டபோது ஒரு கதை சொன்னார். “எங்கப்பா படகு ஏறுறப்ப எங்கம்மா ஒண்ணொண்ணா கேக்கும். தண்ணி? வெச்சாச்சு. அரிசி? வெச்சாச்சு. தீப்பெட்டி? வெச்சாச்சு வெச்சாச்சு போம்மேன்னுட்டுப் போனாரு ஒரு நாளு. நடுக்கடல்ல பார்த்தா தீப்பெட்டி நமுத்துப் போய்க் கெடக்குது. மூணு ஆம்பளைங்களும் அரிசியை ஊறவெச்சு மென்னுட்டு வந்தாங்க. அன்னிலருந்து எங்கம்மா வெச்சாச்சான்னு கேக்கறதில்ல. ஒரு குச்சியை ஒரசிப் பார்த்துட்டுத்தான் குடுக்கும்.”

அக்காவின் வேலையே அந்தக் குச்சியை உரசிப் பார்ப்பதுதான். நாங்கள் நாலு பேர் புரோகிராம் எழுதுவோம். வெளியே அனுப்பும் முன் அதை ஜார் கட்ட வேண்டும். ஜாவாவில் எழுதுகிற ஒரு புரோகிராம் ஒரே கோப்பாக இருக்காது. சின்னச் சின்னதாக நூறு, இருநூறு கோப்புகள் இருக்கும். அவற்றை எல்லாம் ஒன்றாகத் திணித்து ஒரே கோப்பாகக் கட்டினால் அதற்கு ஜார் என்று பெயர். அக்கா அதைப் பொட்டலம் என்பார். பொட்டலத்துக்குள் ஒரு சீட்டும் வைக்க வேண்டும். இத்தனை கோப்புகளில் முதலில் எது ஓட வேண்டும் என்று அதில் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் அக்கா இதை எனக்குச் சொன்ன விதம் வேறு.

“இத்தினி பேரு படுத்திருக்கற வீட்ல ஒருத்தர் மொதல்ல எழுந்திரிக்கணும்ல? பால் வாங்கணும், தண்ணி புடிக்கணும், மத்தவங்களை எழுப்பணும். அது யாருன்னு சீட்டுல எழுதி வெக்கணும். இல்லாட்டி அத்தினி பேரும் படுத்தே கெடப்பாங்க. உங்க வீட்ல யாரு?”

“நான்தான்க்கா.”

“எங்க வீட்லயும் நாந்தான். நம்ம பேரை எந்தச் சீட்டுலயும் எழுதல, பாரு.”

அவர் சிரித்தால் தோள் இரண்டும் குலுங்கும், சத்தம் வராது.

நாங்கள் செய்தவை பெரிய புரோகிராம்கள் அல்ல. பள்ளிக்கூடங்களுக்கு வருகைப் பதிவு, கல்யாண மண்டபங்களுக்கு முகூர்த்தத் தேதி பதிவு, இப்படித்தான். எழுதினவர் தன் கணினியில் ஓட்டிக் காட்டிவிட்டு “ஓடுதுக்கா, அனுப்பிடலாம்” என்பார். அக்கா அப்படியா என்றுகூடக் கேட்க மாட்டார். பொட்டலத்தை ஒரு சிடியில் ஏற்றி, தண்ணீர் கேன் பக்கம் நடந்துபோய், முக்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்.

“அடுத்த வீட்ல ஓடுதா?”

பாதி நாள் ஓடாது. எங்கள் கணினியில் எங்கோ ஒரு மூலையில் கிடக்கும் ஏதோ ஒரு துணைக் கோப்பை எங்கள் புரோகிராம் நம்பிக்கொண்டிருக்கும். அதைப் பொட்டலத்தில் வைக்க நாங்கள் மறந்திருப்போம். எங்கள் கணினியில் அது இருப்பதால் எங்களுக்குத் தெரியவே தெரியாது. ‘அடுத்த வீடு’ உடனே காட்டிக் கொடுத்துவிடும். ஒருமுறை சாரே எழுதிய புரோகிராம் இப்படி மாட்டிக்கொண்டது.

“என் மிஷின்ல ஓடுச்சேம்மா!” என்றார் சார். பாவமாக இருந்தது.

“அப்ப நீங்களும் அதுகூடவே போயி அங்கயே உக்காந்துக்குங்க சார்.”

நாங்கள் குனிந்து கீபோர்டைப் பார்த்துக்கொண்டோம். சார் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளே போய் அந்தத் துணைக் கோப்பை எடுத்துவந்து தந்தார்.

வில்லியனூர்ப் பக்கம் ஒரு மண்டபம். பெயர் வேண்டாம். அங்கே மேனேஜராக இருந்த பெரியவர், நாங்கள் அனுப்பிய ஜார் கோப்பின் மேல் எலியை, அதாவது மவுஸை, இரண்டு தடவை அமுக்கியிருக்கிறார். அவர் கணினியில் அது புரோகிராமாக ஓடாமல், சுருக்கிய கோப்புகளை விரிக்கும் மென்பொருளில் திறந்துகொண்டது. அவரும் பொறுப்பாக எல்லாவற்றையும் விரித்துத் திரை முழுக்கப் பரப்பிவிட்டார். பிறகு போன் செய்தார். போனை எடுத்தது நான்.

“பார்சல் வந்துச்சும்மா. நல்லா பிரிச்சு வெச்சுட்டேன். உள்ள எக்கச்சக்கமா இருக்குது. எதை மொதல்ல தொறக்கறது?”

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். போனை வைத்துவிட்டு எல்லோரிடமும் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

“அவரு இன்னா தப்பாக் கேட்டாரு? பார்சல் வந்தா பிரிக்கத்தான் செய்வாங்க. எதை மொதல்ல தொறக்கறதுன்னு கேட்டாரு பாரு, அது நாம கேக்க வேண்டிய கேள்வி.”

அன்று சாயந்தரமே என்னையும் கூட்டிக்கொண்டு வில்லியனூர் போனார். பெரியவர் கொடுத்த கலர் சோடாவைக் குடித்துக்கொண்டே சரிசெய்தார். அதிலிருந்து எங்கள் அலுவலகத்திலிருந்து போகும் ஒவ்வொரு சிடியிலும் ஜாருக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு கோப்பு இருக்கும். அதை அமுக்கினால் அது ஜாரை ஓட்டிவிடும். அந்தக் கோப்புக்கு அக்கா வைத்த பெயர், ஆங்கில எழுத்தில், ‘இங்கே அமுக்கவும்’. ஒரு வருடம் கழித்து வேறு வேலையாக அந்த மண்டபத்துக்குப் போனேன். பெரியவர் அச்சடித்து வைத்திருந்த பதிவு ரசீதில், மேலே மண்டபத்தின் பெயர், அதற்குக் கீழே ‘இங்கே அமுக்கவும் மென்பொருள் மூலம் தயாரிக்கப்பட்டது’ என்று இருந்தது. அக்காவிடம் ஒரு ரசீதைக் கொண்டுவந்து காட்டினேன். தோள் குலுங்கியது. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

எனக்கு அவர் மேல் பிரியம் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. தை மாதம் வந்தால் முகூர்த்தம் குவியும், அதற்குள் மூன்று மண்டபத்துக்கு அனுப்பியாக வேண்டும். அன்று பொட்டலம் கட்டும் முறை எனக்கு. எல்லாக் கோப்பும் வைத்தேன், சீட்டும் வைத்தேன், யார் முதலில் எழ வேண்டும் என்று எழுதியும் வைத்தேன். ஓட்டினால், முதலில் ஓட வேண்டியது எது என்று சீட்டில் எழுதவில்லை என்கிறது. திறந்து பார்த்தால் கண் முன்னால் எழுதியிருக்கிறது! மூன்று மணியிலிருந்து ஐந்தரை மணி வரை அந்த ஒரு வரியை எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். யாழினி அப்போது பால்வாடிப் பிள்ளை. அவளைக் கூட்டிவரும் நேரம் தாண்டிவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

அக்கா வந்து என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டினார். சீட்டின் கடைசி வரிக்கு முடிவில் கொண்டுபோய் என்டர் பட்டனை ஒரு தடவை தட்டினார். போய்விட்டார். திரும்பக் கட்டி ஓட்டினேன். ஓடியது.

நான் பின்னாலேயே ஓடினேன். “இன்னாக்கா பண்ணீங்க? ஒண்ணுமே எழுதலையே!”

“கடைசி வரிக்குக் கீழ கால் வெக்க எடம் வேணும். இல்லாட்டி அந்த வரியை அது படிக்காது.”

“எதுக்காம்?”

“எனக்கும் தெரியாது. வெச்சவனைத்தான் கேக்கணும். நீ போ, புள்ள காத்துக்கெடக்கும்.”

அதற்குப் பிறகுதான் கவனித்தேன், அவர் எல்லாவற்றிலும் ஒரு வரி காலியாக விடுவார். லீவு லெட்டரிலும் சரி, காய்கறி எழுதுகிற துண்டுத் தாளிலும் சரி. வருகைப் பதிவேட்டில் தன் கையெழுத்துக்குக் கீழே அவர் ஒரு வரி விட, அடுத்து வந்தவர் அங்கே கையெழுத்துப் போட, யார் எந்த வரி என்று சார் வாராவாரம் குழம்புவார்.

ஒன்று சொல்ல வேண்டும். இவ்வளவு சரி பார்க்கிறவர் ஒரே ஒரு தடவை கோட்டை விட்டார். அதைச் சொல்லாவிட்டால் அவரைத் தெய்வமாக்கிவிட்டேன் என்று அவரே சண்டைக்கு வருவார்.

காரைக்காலில் ஒரு மண்டபம். நானும் அக்காவும் விடிகாலை பஸ் பிடித்துப் போனோம். அன்று அவருடைய கறுப்புப் பை போதாமல் இன்னொரு கட்டைப் பையும் வந்தது. நீள ஒயரோடு பிளக், மூன்று விதப் பின், உபரி எலி, ஜாவாவை ஏற்ற ஒரு சிடி, அது கெட்டால் இன்னொன்று, இட்லி, தண்ணீர், ஒரு வேளை மண்டபத்தில் நாற்காலி இல்லாவிட்டால் உட்கார ஒரு பிளாஸ்டிக் பாய். “கல்யாண மண்டபத்துல நாற்காலி இருக்காதாக்கா?” என்று வழி முழுக்கக் கிண்டல் செய்தேன். நாலு மணி நேரம் குலுங்கிப் போய் இறங்கி, மண்டபத்துக்குப் போய், மேஜை மேல் எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்தார். கடைசியாக எங்கள் புரோகிராம் இருந்த சிடியின் உறையைத் திறந்தார்.

உள்ளே ஒன்றுமில்லை.

முதல் நாள் சாயந்தரம், கிளம்பும் முன் எதற்கும் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று ‘அடுத்த வீட்டில்’ போட்டு ஓட்டியிருக்கிறார். நன்றாக ஓடியிருக்கிறது. சிடி அதற்குள்ளேயே இருந்துவிட்டது.

அக்கா வெற்று உறையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மண்டபத்து வாசற்படியில் போய் உட்கார்ந்தார். அழப்போகிறார் என்று நினைத்து நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது.

“தீப்பெட்டியை ஒரசிப் பார்த்துட்டு வீட்லயே வெச்சுட்டு வந்துட்டேன்டி” என்றார்.

சாருக்கு போன் செய்தோம். அவர் சிடியை எடுத்து அடுத்த காரைக்கால் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டார். பஸ் ஸ்டாண்டில் பிளாஸ்டிக் பாயை விரித்துக் காத்திருந்தோம். பாய்க்கும் வேலை வந்தது. இட்லி தீர்ந்தது. மத்தியானம் தாண்டி பஸ் வந்தது. கண்டக்டர் இறங்கி, சட்டைக்குள் வைத்திருந்த சிடியை எடுத்து, மேலே எழுதியிருந்ததைப் படித்தார்.

“கல்யாண மண்டபம். இன்னா, புதுப் படமாம்மா? யாரு ஹீரோ?”

“வில்லியனூர்ல ஒரு பெரியவரு” என்றார் அக்கா.

இன்னொரு பழக்கம். பொட்டலத்தின் சீட்டில் கட்டியவர் பெயரைப் போட்டுக்கொள்ள ஒரு வரி உண்டு. நாங்கள் ஆசை ஆசையாக எங்கள் பெயரைப் போடுவோம். அக்கா கட்டியதில் அந்த வரி இருக்காது. கேட்டதற்கு, “போற எடத்துல என் பேரு எதுக்கு? அதனால ஒண்ணும் ஓடப்போறதில்ல” என்றார்.

யாழினிக்கு ஐந்து வயதானபோது சார் அலுவலகத்தை மூடிவிட்டு மகன் வீட்டோடு போய்விட்டார். ஆளுக்கு ஒரு திசை. அக்கா ஏதோ ஒரு கப்பல் கம்பெனியில் சேர்ந்ததாகக் கேள்வி. நான் வீட்டில் டியூஷன் எடுக்க ஆரம்பித்தேன். ஜாவா போய்விட்டது. ‘அடுத்த வீடு’ மட்டும் என்னோடு வந்துவிட்டது. யாழினி பள்ளி ஆண்டு விழாப் பேச்சுப் போட்டிக்கு ஒப்பித்தால், “நம்ம வீட்ல சொல்லிட்ட. அடுத்த வீட்ல போய்ச் சொல்லிட்டு வா” என்று நிஜமாகவே பக்கத்து வீட்டுக்கு அனுப்புவேன். பிள்ளை முகத்தைத் தூக்கிக்கொண்டு போகும். பக்கத்து வீட்டு அம்மா தொலைக்காட்சித் தொடரை நிறுத்திவிட்டுத் திருக்குறளின் பெருமையைக் கேட்பார். “இவளுக்கு ஏம்மா இந்தத் தண்டனை?” என்பார். சைக்கிள், தோசை, கணக்கு எல்லாமே அடுத்த வீட்டில்தான் தேறியாக வேண்டும்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

ஒரு மணி ஆயிற்று. போன் ஸ்விட்ச் ஆஃப். என்னுடைய குறுஞ்செய்திகள் ஒற்றை டிக்கோடு வரிசையாக நின்றன. எதை மறந்தாள்? சீட்டா? துணைக் கோப்பா? இப்போதெல்லாம் எப்படிக் கட்டுகிறார்களோ? எனக்கு என்ன தெரியும்? தெரிந்த ஒரே ஆள் அக்கா. பழைய டைரியைத் தேடி எடுத்து, அவருடைய அந்தக் காலத்து எண்ணுக்குப் போட்டேன். மணி அடித்தது! யாரோ எடுத்தார்கள்.

“அக்கா, நான் கலா பேசறேன்க்கா. யாழினியோட ஜார் ஓடலை. அவ மிஷின்ல ஓடுது, அங்க ஓடலை. நாலு மணிக்குள்ள—”

“எம்மா, எம்மா. இரும்மா.” ஆண் குரல். பின்னால் காற்று அடிக்கும் மிஷின் சத்தம். “இது டயர் கடைம்மா. வண்டி ஓடலையா? எங்க நிக்கிது?”

“ஹைதராபாத்துல.”

அந்தப் பக்கம் காற்று மிஷின் நின்றது. “அவ்ளோ தூரம் வர மாட்டோம்மா. அங்கயே பக்கத்துல யாராவது இருப்பாங்க, பாரு.”

ராங் நம்பர் என்று மன்னிப்புக் கேட்டு வைத்தேன். உடனே என் கணவருக்கு அவர் அலுவலகத்துக்குப் போன் செய்து, ஹைதராபாத்துக்கு இன்றைக்கே பஸ் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன்.

“நீ போய் சேர நாளைக்கு ஆயிடும். போய் இன்னா பண்ணப் போற?”

“அவகூடவே உக்காந்துக்கறேன்.”

சொல்லி முடித்ததும் என் வாயிலிருந்து வந்தது எனக்கே காதில் விழுந்தது. தண்ணீர் கேன் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து அக்கா திரும்பிப் பார்ப்பது போலிருந்தது. போனை வைத்துவிட்டு நானும் ஒரு முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்து வாசனை வந்தது. எழுந்துபோய் அணைத்துவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தேன். இருபத்திரண்டு வருடம் கட்டிய பொட்டலம். எதை எல்லாம் வைத்தேன், எதை வைக்கவில்லை என்று அப்போது யோசித்து என்ன பிரயோஜனம்?

மூன்று மணிக்கு போன் அடித்தது. தெரியாத எண்.

“அம்மா, ஓடிடுச்சும்மா!”

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவளே பேசினாள். சார்ஜ் தீர்ந்து போன் செத்துவிட்டதாம். கம்பெனி மிஷினைத் தொட விடவில்லை, கூடப் பயிற்சியில் இருப்பவர்களின் லேப்டாப்களும் இவளுடையது போலவே எல்லாம் ஏற்றியவை. ஐந்து நிமிடம் அழுதிருக்கிறாள். பிறகு எதிர்த் தெருவில் இருந்த தன் விடுதிக்கு ஓடியிருக்கிறாள். விடுதி நடத்தும் அம்மாவிடம் ஒரு பழைய கணினி உண்டு. அதில் சாமிப் பாட்டு கேட்பதைத் தவிர அவர் வேறெதுவும் செய்வதில்லை.

“ஆன்ட்டி பாட்டை நிறுத்திட்டு ஜாவா மட்டும் ஏத்தினேன். ஓட்டினா அங்கயும் ஓடலை. ஆனா இங்க நானே கண்ணால பார்த்தேன்ல, இன்னா காணோம்னு பேரைப் போட்டே சொல்லிச்சு. துணை பைல் எல்லாம் தனி போல்டர்ல வெச்சிருந்தேன்மா. ஜாரை மட்டும் குடுத்துட்டு, போல்டரை லேப்டாப்லயே விட்டுட்டேன். என் லேப்டாப்ல அது பக்கத்துலயே இருந்துச்சா, எனக்குத் தெரியவே இல்ல. எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்த்துக் கட்டி, ஆன்ட்டி கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்த்துட்டு, அப்புறந்தான் கொண்டு குடுத்தேன். இது ஆன்ட்டி போன்தான், கேட்டு வாங்கிப் பேசறேன்.”

“உனக்கு எப்படிடி தோணுச்சு, அங்க போய் ஓட்டணும்னு?”

“விளையாடறியாம்மா? சின்னதுலருந்து என்னைப் பக்கத்து வீட்டுக்குத் துரத்துனது யாரு?”

நான் அழுதேன். அவள், “ஐயோ, இப்ப ஏன்மா அழற? அதான் ஓடிடுச்சுல்ல” என்றாள். அந்தப் பக்கம் விடுதி அம்மா தெலுங்கில் ஏதோ கேட்க, “எங்கம்மா சந்தோஷத்துல அழுவுது” என்று இவள் தமிழிலேயே பதில் சொன்னாள்.

நாலரை மணிக்கு வேலை நிரந்தரம் என்று செய்தி வந்தது. அடிப்பிடித்த பருப்பையே தாளித்துச் சாம்பார் வைத்தேன். என் கணவர் இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டார்.

வேலைக்குப் போன நாளிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு யாழினியைப் போனில் எழுப்புவது நான்தான். இனிமேல் வேண்டாம், அவளே எழுந்துகொள்வாள் என்று புதன்கிழமை முடிவு செய்தேன். ஆறு ஐந்துக்குக் கூப்பிட்டுவிட்டேன். முதல் மணியிலேயே எடுத்து, தூக்கக் கலக்கத்தில் பேசுவது போல “ம்ம்” என்றாள். பின்னால் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. எப்போதோ எழுந்து பல் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எத்தனை நாளாக எனக்காக இப்படித் தூங்குகிறாளோ? நானும் கேட்கவில்லை. “எழுந்திரும்மா, மணியாச்சு” என்று சொல்லி வைத்தேன்.

அன்று சாயந்தரம் ‘அடுத்த வீடு’ வந்த கதையை முழுதாகச் சொன்னேன், அவள் கேட்டாள், “அந்த அக்கா பேரு இன்னாம்மா? அவங்களுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லணும்.” பெயரைச் சொன்னேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். இங்கே அதை எழுதவில்லை. எழுதினால், அதனால ஒண்ணும் ஓடப்போறதில்ல என்பார்.

எழுதி முடித்ததும் இதைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். தொடரை நிறுத்திவிட்டுப் படித்தார். டயர் கடைக்காரர் வரும் இடத்தில் சிரித்தார். இந்தக் கடைசி வரிக்குக் கீழே ஒரு என்டரும் தட்டிவிட்டேன். அச்சில் அது தெரியாது. இருக்கட்டும்.